எதிரிக் கப்பலை மிதிப்பது எப்படி

மூழ்கிய கப்பலைப் பற்றிப் பாடம் நடத்து என்றால் நடத்திவிடலாம். மூழ்கிய கப்பலையே கொண்டுவந்து பள்ளிக்கூடத்தில் வை என்றால் நான் எங்கே போவேன்? ஜப்பான்காரன் காலத்தில் எனக்கு வந்த சோதனை அதுதான்.

அப்போது நான் மலாய் நாட்டில், காஜா பேராங்கில் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளியில் வாத்தியார். அத்தாப்பு ஓலைக் கூரை, இடுப்பளவுச் சுவர். மழை பெய்தால் நனையாத மூலை எது என்பது பிள்ளைகளுக்கு மனப்பாடம். என்னைத் தவிர அங்கே இருந்தவர் தலைமையாசிரியர் மட்டும்தான். அறுபதைத் தாண்டியவர், எதற்கும் பதறாதவர். நான் அதற்கு நேர்மாறு. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பயம் அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். பிள்ளைகளில் பாதிப் பேர் பெற்றோரோடு மரவள்ளி நட புக்கிட் ரம்பாய்ப் பக்கம் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களை வரிசையில் நிறுத்தி, கிழக்கே பார்த்துக் குனிந்து, அர்த்தம் தெரியாத ஒரு பாட்டைப் பாடி, கைகால்களை ஆட்டி முடித்தால் அப்புறம் ஜப்பான் எழுத்துப் பாடம். முந்தின நாள் நான் படித்ததை மறுநாள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன். சில நாட்களில் அவர்கள் எனக்கு முன்னால் போய்விடுவார்கள்.

பள்ளிகளைக் கவனிக்க ஒரு ஜப்பானிய அதிகாரி இருந்தார். கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். கத்த மாட்டார், அடிக்கவும் மாட்டார் என்று சொன்னார்கள். அதனாலேயே எனக்கு அவரிடம் கூடுதல் பயம். அவரோடு துபாஷியாக ஒரு பாய் வருவார். சண்டைக்கு முன்னால் ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை வைத்திருந்தவர். பக்கத்துக் கடை ஒரு ஜப்பான்காரருடைய போட்டோக் கடை. அங்கே உட்கார்ந்து காப்பி குடித்தே பாய் அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டார். அதனால் நிமிர்ந்து உட்காருங்கள், அசையாதீர்கள், முகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்புங்கள் என்பதையெல்லாம் பிசகில்லாமல் சொல்வார். யுத்தம், பேரரசு, ஒழுக்கம் என்று பேச்சு போனால் திணறிவிடுவார். திணறும்போது கையை ஆட்டிக் காலை ஆட்டி மீதியைச் சொல்லி முடிப்பார்.

ஒருநாள் இருவரும் பள்ளிக்கு வந்தார்கள். அதிகாரி நீளமாகப் பேசினார். பாய் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

“கண்காட்சி வைக்கணுமாம். வெள்ளைக்காரன் கப்பல இவங்க முக்குனாங்கல்ல, அதப் பத்தி. புள்ளைங்க கடல் சண்டையத் தெரிஞ்சுக்கணுமாம். படம் மட்டும் மாட்டுனாப் பத்தாதாம். முங்கிப்போன கப்பல் சாமானும் இருக்கணுமாம்.”

“சாமான யாரு தருவாங்க, பாய்?” என்று கேட்டேன்.

பாய் அதை மொழிபெயர்க்கவே இல்லை. “நீங்கதான் தேடணும் வாத்தியாரே. நல்லா செஞ்ச பள்ளிக்கூடம் நடக்கும். மத்தத மூடிருவாங்க. மூடுன பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குச் சயாம்ல வேல இருக்காம்.”

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம். நல்ல சம்பளம், சாப்பாடு என்று சொல்லி ஏற்றிப் போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை. ஊரில் அந்தப் பெயரைச் சொன்னாலே ஆட்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். தலைமையாசிரியரை வயதுக்காக விட்டுவிடுவார்கள். ஆகவே கண்காட்சி சரியாக அமையாவிட்டால் லாரி ஏறப்போவது நான்தான். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, எனக்கும் இல்லை.

வீட்டில் சொன்னேன். எங்களுக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. என் மனைவி கிழங்கு சீவிக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தாள்.

“உங்களையா? ஒரு ஆணி அடிக்கச் சொன்னா வெரலுல அடிச்சுக்கிற ஆளு நீங்க. உங்களக் கொண்டுபோய் அவன் என்னாங்க பண்ணப்போறான்? ஒண்ணும் நடக்காது, சும்மா இருங்க.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. புருஷன் உயிருக்கு ஆபத்து என்கிறான், இவளுக்குச் சிரிப்பு வருகிறது. அன்று அவளோடு பேசாமலே கிழங்கைத் தின்றேன்.

மறுநாளே சாமான் தேடக் கிளம்பினேன். இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தப் பெரிய கப்பல்கள் மூழ்கியது கிழக்குக் கடலில். எங்கள் ஊர் மேற்குக் கரை. இடையில் ஒரு நாடே படுத்துக் கிடக்கிறது.

“கடல் எல்லாம் ஒண்ணுதான் தம்பி,” என்றார் தலைமையாசிரியர். “தண்ணி சுத்திக்கிட்டேதானே இருக்கும். என்னைக்காவது இங்கயும் வரும்.”

“அதுக்குள்ள நான் சயாம் போய்ச் சேந்துருவேன்யா.”

“அதான் சொல்றேன். வர்ற சாமானுக்காகக் காத்திருக்க முடியாது. கெடைக்கிறதக் கப்பல் சாமானாக்க வேண்டியதுதான்.”

பிள்ளைகளிடம் சொன்னோம். மறுநாள் காலை பள்ளிக்கூடம் காயலான் கடையாகிவிட்டது. வளைந்துபோன கட்டில் கால் வந்தது; அதைப் பீரங்கிக் குழாய் என்று எழுதி மாட்டினோம். துருப்பிடித்த தையல் மெஷின் சக்கரம் கப்பல் திருப்பும் சக்கரமாயிற்று. சைக்கிள் டயரில் வெள்ளைத் துணி சுற்றினோம், உயிர்காக்கும் வளையம். பித்தளை எச்சில் படிக்கம் ஒன்று வந்தது. அது என்ன என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தலைமையாசிரியர், ‘எதிரித் தளபதியின் தொப்பி, குண்டு பட்டு உருமாறியது’ என்று அழகான கையெழுத்தில் எழுதி வைத்துவிட்டார். உண்மையைச் சொன்னால் அந்த மனிதருக்கு இதில் எல்லாம் ரொம்ப சந்தோஷம்.

கடலில் கிடந்தது என்று சொல்லத்தக்க பொருள் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. பண்டார் ஹிலிர் கரையில் சேற்றோடு சேறாகக் கிடந்த ஒரு பலகை. நீளமாக, கனமாக, சிப்பி ஒட்டி, பார்ப்பதற்கு நன்றாகவே கெட்டுப்போயிருந்தது. மேலே ஆங்கில எழுத்துகள் வேறு. தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு காஜா பேராங்வரை நடந்தேன். அதைக் கழுவிப் பார்த்த தலைமையாசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

“தம்பி, இது ஏதோ பிஸ்கட்டுப் பெட்டியோட பலகை. ஈரம் படாம வைக்கணும்னு போட்டிருக்கு.”

கடலில் மூழ்கிய கப்பலில் இப்படி எழுதியிருந்தால் யார் நம்புவார்கள்? உட்கார்ந்து கண்ணாடிச் சில்லால் எழுத்துகளைச் சுரண்டினோம். முழுவதும் சுரண்டாமல் அங்கங்கே ஓர் எழுத்தை விட்டுவைத்தோம். கப்பலின் பெயர் குண்டடிபட்டுச் சிதைந்துபோனதாக வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் கணக்கு.

கடல் சண்டையைச் செய்து காட்டவும் ஏற்பாடு. ஒரு பெரிய இரும்புத் தொட்டியில் தண்ணீர். அதில் தலைமையாசிரியர் லேசான மரத்தில் செதுக்கிய கப்பல். மேலே கயிற்றில் அட்டை விமானம். விமானத்திலிருந்து கொட்டைப்பாக்கு விழும், கப்பல் மூழ்கும். ஒத்திகையில் பாக்கு விழுந்தது, கப்பல் மூழ்கவில்லை. கல் வைத்தோம். கவிழ்ந்து படுத்துக்கொண்டு மிதந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். “சார், வெள்ளக்காரன் கப்பல் ஜெயிச்சிருச்சி!” என்று ஒரு பயல் கத்தினான். நான் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினேன். கடைசியில் மரக்கப்பலைத் தூக்கிப் போட்டுவிட்டுக் களிமண்ணில் ஒன்று செய்தோம். அது நிச்சயமாக மூழ்கும் என்று தலைமையாசிரியர் உத்தரவாதம் கொடுத்தார்.

கண்காட்சி நாளன்று பெற்றோர்களும் வந்துவிட்டார்கள். பொழுதுபோக்கு என்று ஒன்றும் இல்லாத காலம், கூட்டம் வராமல் இருக்குமா? பக்கத்துச் செட்டிக் கம்பம் கிராமத்திலிருந்தும் சிலர் வந்தார்கள். அவர்கள் கோயிலுக்குப் போகிற இந்துக்கள்தான், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். தமிழ் நாலு வார்த்தை வந்தால் அதிகம்.

அதிகாரி உள்ளே வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கட்டில் கால் முன்னால் நின்றார். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். படிக்கத்தை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, எடுத்ததைவிட வேகமாகக் கீழே வைத்தார்.

அடுத்தது தொட்டி. விமானம் கயிற்றில் கிளம்பியது. பாதி வழியிலேயே, பாக்கு விழுவதற்கு முன்னாலேயே, களிமண் கப்பல் குபுக்கென்று தானாக உள்ளே போய்விட்டது. தண்ணீர்மேல் ஒன்றும் இல்லை. விமானம் போய்க் காலித் தண்ணீரில் பாக்கைப் போட்டது.

“விமானத்தப் பாத்ததுமே பயந்து முங்கிருச்சின்னு சொல்லுங்க பாய்,” என்றார் தலைமையாசிரியர், கொஞ்சமும் யோசிக்காமல்.

பாய் இரண்டு கைகளாலும் நடுக்கத்தைக் காட்டி, மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தார். அதிகாரி தலையசைத்தார். உயிர் வந்தது எனக்கு.

அப்போதுதான் அவர் பலகையைப் பார்த்தார். சுவரில் சாய்த்து, நடுநாயகமாக வைத்திருந்தோம். எழுத்துகளைக் குனிந்து பார்த்தார். பிறகு கையைக் காட்டி ஏதோ சொன்னார்.

“எதிரிக் கப்பலுக்கு என்ன மரியாதைன்னு கேக்குறாரு,” என்றார் பாய். “அதத் தூக்கி வாசல்ல போடணுமாம். உள்ள வர்ற ஒவ்வொருத்தரும் அத மிதிச்சிட்டுத்தான் வரணுமாம்.”

இவ்வளவுதானா என்று நான் உற்சாகமாகப் பலகையை இழுத்து, எழுத்து மேலே இருக்கும்படி வாசலில் போட்டேன். பிள்ளைகளை வெளியே அனுப்பி வரிசையாக உள்ளே வரச் சொன்னேன்.

முதலில் வந்தது வகுப்பிலேயே கெட்டிக்காரச் சிறுமி. பலகையில் காலை வைத்தாள். வைத்த காலை எடுத்ததும் சட்டென்று குனிந்து, வலது கையால் பலகையைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த பிள்ளையும் மிதித்தான், தொட்டான், கண்ணில் ஒற்றிக்கொண்டான். அதற்கடுத்தவனும் அப்படியே. ஒருவன் அவசரத்தில் மிதிக்க மறந்துவிட்டுத் தொட்டு மட்டும் கும்பிட்டுக்கொண்டு போனான்.

எனக்கு ஒரு கணம் எதுவும் தப்பாகவே தெரியவில்லை. எழுத்துமேல் கால் பட்டால் வேறென்ன செய்வார்கள்? புத்தகத்தில் கால் பட்டாலும் அதுதான், சிலேட்டில் பட்டாலும் அதுதான். நாங்கள் எல்லாரும் நடக்கப் பழகிய காலத்திலிருந்தே செய்கிற காரியம். பாயின் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. அதிகாரியின் கண்ணில் என் பிள்ளைகள் வெள்ளைக்காரனுடைய கப்பலை வரிசையில் நின்று வணங்கிக்கொண்டிருந்தார்கள்.

“டேய், நிறுத்துங்கடா!” என்று கத்தினேன். “மிதிக்கத்தான் சொன்னேன். தொடக் கூடாது. இங்க பாருங்க, எப்பிடின்னு!”

நானே வாசலுக்குப் போனேன். அதிகாரி பார்க்கும்படி காலை ஓங்கிப் பலகைமேல் ஒரு மிதி மிதித்தேன். பலகை அதிர்ந்தது. நல்ல மிதி. இன்றுவரை அந்த மிதியில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மிதித்த அடுத்த நொடி என் முதுகு தானாக வளைந்தது, கை தானாகக் கீழே போனது. கண்ணில் விரல் பட்டபோதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

குனிந்தவன் நிமிரத் துணிவில்லாமல் அப்படியே நின்றேன். சயாம் போகிற லாரியின் சத்தம் காதில் கேட்டது போலிருந்தது.

அதிகாரி கத்தவில்லை. மெதுவாக ஏதோ கேட்டார்.

“எதிரியக் கும்புடுறியான்னு கேக்குறாரு,” என்றார் பாய்.

“எதிரி இல்ல பாய், எழுத்து! எழுத்துமேல கால் பட்டுருச்சி. எந்த எழுத்தா இருந்தாலும் இப்பிடித்தான். சொல்லுங்க பாய், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

பாய் முயன்றார். போட்டோக் கடையில் இதற்கு வார்த்தை இல்லை. காற்றில் எழுதிக் காட்டினார், காலைத் தூக்கிக் காட்டினார், கண்ணைத் தொட்டுக் காட்டினார். அதிகாரி நம்பவில்லை. கூட்டத்தில் முன்னால் நின்ற ஒரு செட்டிக் கம்பத்துப் பெண்ணைக் கூப்பிட்டார். பள்ளிக்கும் அந்த அம்மாவுக்கும் சம்பந்தம் இல்லை, நான் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. மிதி என்று சைகை காட்டினார். அந்த அம்மா சாரோங்கை லேசாகத் தூக்கிக்கொண்டு மிதித்தார். குனிந்தார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஏன் என்று அரைகுறை மலாயில் அதிகாரி கேட்டார்.

“தா தாவு, துவான்,” என்றார் அந்த அம்மா. தெரியாது ஐயா என்று அர்த்தம். சின்ன வயசிலிருந்து அப்படித்தான் என்று மலாயிலேயே சொல்லிவிட்டு, இதையெல்லாமா கேட்பார்கள் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

என் விளக்கத்தைவிட அந்தத் ‘தெரியாது’ அதிகாரிக்குப் பிடித்துவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் ஏதோ மாறியது. அவரும் சொந்த ஊரில் வாத்தியாராக இருந்தவர்தான் போலிருக்கிறது. ஒன்றைச் சோதித்துப் பார்க்கும் ஆசை வாத்தியார்களை விடாது. தன் பையிலிருந்து ஜப்பானியச் செய்தித்தாளை எடுத்துத் தரையில் போட்டு, கெட்டிக்காரச் சிறுமியை மிதிக்கச் சொன்னார். அவள் தயங்கித் தயங்கி ஓரத்தில் கட்டைவிரலை வைத்தாள். உடனே தொட்டுக் கும்பிட்டாள். அதிகாரி தலையசைத்தார். சாக்குக்கட்டி டப்பா. கும்பிட்டாள். மூலையில் இருந்த விளக்குமாறு. அதற்கும் கும்பிடு.

“தொடப்பம் லட்சுமி,” என்று தலைமையாசிரியர் பெருமையாக விளக்கினார். “மொறத்தப் போட்டுப் பாக்கச் சொல்லுங்க பாய். உலக்கையும் போடலாம். நெல்லளக்கிற படி இருந்தா இன்னும் நல்லது.”

“ஐயா, சும்மா இருங்கய்யா!” என்றேன்.

பின்னாலிருந்தவர்கள் எட்டிப் பார்க்க நெருக்கியதில் சிறுமி தள்ளாடி அதிகாரியின் சப்பாத்துக் கால்மேலேயே காலை வைத்துவிட்டாள். அவள் குனிந்தாள், அந்தச் சப்பாத்தைத் தொட்டாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதிகாரி தன் சப்பாத்தையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாயிடம் ஒன்று கேட்டார்.

“நீங்க மிதிக்கிறதுக்குன்னு ஒலகத்துல எதாச்சும் இருக்கான்னு கேக்குறாரு.”

“மண்ணு இருக்கே,” என்றார் தலைமையாசிரியர். உடனே அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. “ஆனா ஆட்டம் ஆடுறவங்க மண்ணையும் தொட்டுக் கும்புட்டுத்தான் ஆரம்பிப்பாங்க. சில பேரு காலையில எந்திரிச்சதும்கூட...”

பாய் இதைக் கை காலால் சொல்லி முடித்தபோது அதிகாரி சிரித்துவிட்டார். பல் தெரிய, தோள் குலுங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, விரலால் என்னைச் சுட்டி, “சயாம்,” என்றார். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. அந்த மெலிந்த மனிதர், எத்தனையோ பள்ளிக்கூடங்களை நடுங்கவைத்தவர், வகுப்பின் நடுவில் நடந்து காட்டினார். ரயில் பாதையின் சிலிப்பர்க் கட்டையில் ஒரு கால் வைப்பதுபோல வைத்தார். குனிந்தார், தொட்டார், கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்த கட்டையில் கால். குனிந்தார், தொட்டார், ஒற்றிக்கொண்டார். சுவர்வரை அப்படியே போய்த் திரும்பி, “தா போலே,” என்றார். முடியாது, ஆகாது என்று. பாய் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. இவனைக் கொண்டுபோனால் பாதை ஒரு நாளும் ஊர் போய்ச் சேராது.

பிள்ளைகள் சிரித்தார்கள். பெற்றோர் சிரித்தார்கள். பாய் கண்ணீர் வரச் சிரித்தார். என்னை ஒன்றுக்கும் உதவாதவன் என்று இவ்வளவு பேர் முன்னால் ஒருவர் சொன்னதற்கு அதுவரை நான் அப்படிச் சந்தோஷப்பட்டதே இல்லை. பள்ளியும் நடக்கும் என்று பாய் போகும்போது காதில் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். மனைவியை உட்காரவைத்து எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். படிக்கத்தை மோந்தது, கப்பல் தானாக மூழ்கியது, நான் மிதித்தது, அதிகாரி கட்டை கட்டையாகக் கும்பிட்டது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல,” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அது சிரிப்பில்லை என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று.

எழுந்துபோய்க் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு துணி மூட்டையை இழுத்துவந்து என் முன்னால் வைத்தாள். அவிழ்த்துப் பார்த்தேன். என் வேட்டி, காயவைத்த நெத்திலி, ஒரு பொட்டலம் திருநீறு. அடியில் பட்டைப் பட்டையாகக் கிழித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே சுருட்டி வைத்த துணி. சிவப்பும் மஞ்சளுமாக. கையில் எடுத்ததும் தெரிந்துவிட்டது. அவளுடைய கூறைப்புடவை. வீட்டில் கிழியாமல் இருந்த ஒரே துணி அதுதான்.

“ஏம்மா இதப் போயிக் கிழிச்ச?” என்றேன்.

“சயாம்லேருந்து தப்பிச்சு வந்த ஒருத்தரு ஜாலான் பெண்டஹாராவுல ஒளிஞ்சிருக்காராம். அவரு சொன்னாராம், அங்க மொதல்ல போறது காலுதானாம். புண்ணு வச்சி அழுகிருதாம். சுத்திக்கிறதுக்கு ஒரு துணிகூட கெடைக்காதாம்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு சுருளை என் கையிலிருந்து வாங்கி மறுபடியும் இறுக்கிச் சுற்றினாள். “காலு நல்லா இருந்தாத்தானேங்க நடந்தாச்சும் திரும்பி வருவீங்க.”